இதையெல்லாம் எதற்குப் படம் எடுக்கிறாய்?

பழைய படங்களை ஸ்கேன் செய்து, கறையும் கீறலும் நீக்கி, பெயரும் தேதியும் போட்டு ஒழுங்குபடுத்திக் கொடுப்பது 18 ஆண்டுகளாக என் தொழில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. அண்ணனும் தங்கையும் வருவார்கள், அம்மாவும் மகனும் வருவார்கள். அத்தனையையும் ஸ்கேன் செய்தால் செலவு கூடும் என்பதால் முதலில் மேசைமேல் கொட்டிப் பிரிப்பார்கள். வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம். சண்டை அங்கேதான் தொடங்கும்.

போன ஆண்டு ஓர் அக்காவும் தம்பியும் வந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பதுக்கு மேல் வயது. உறையிலிருந்து எடுத்த ஒரு வண்ணப் படத்தை அக்கா பார்த்த மாத்திரத்தில் வேண்டாத பக்கம் போட்டார். ஒரு சின்னக் குழந்தை நாற்காலிமேல் ஏறி நிற்கிறது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்ணை இறுக மூடியிருக்கிறது. படத்தின் வலது ஓரத்தில் தோள் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. பின்னால் சுவர். தம்பி அதை எடுத்து வேண்டிய பக்கம் வைத்தார். அக்கா மறுபடியும் எடுத்து இந்தப் பக்கம் போட்டார்.

"கண் மூடியிருக்கிறது. தோளைக் காணோம். குழந்தையை விட்டுவிட்டுச் சுவர்தான் தெளிவாக விழுந்திருக்கிறது. இதை எதற்கு வைத்துக்கொள்வது?"

"எனக்கு வேண்டும் அக்கா" என்றார் தம்பி. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. "அந்தச் சுவர்" என்று மட்டும் சொன்னார்.

நெகட்டிவும் அதே உறையில் இருந்தது. அதை எடுத்து அங்குலத்துக்கு 2400 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தேன். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு துண்டு, திரையில் 3400 புள்ளி அகலத்துக்கு விரிந்தது. பிரின்ட் போடும் இயந்திரம் ஓரங்களைச் சற்று வெட்டித்தான் அச்சிடும். வெட்டுப்பட்ட அந்த ஓரமும் நெகட்டிவில் அப்படியே இருந்தது. குழந்தையின் தலைக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. நான்கு சுவிட்சுகள். ஒவ்வொன்றின் கீழும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கத்தரித்து ஒட்டி, பேனாவால் பெயர் எழுதியிருந்தது. பிரின்டில் எறும்பளவு வெள்ளைக் கீற்றாகத் தெரிந்தது, திரையில் எழுத்தாக நின்றது. 'படி', 'விசிறி', 'வாசல்'. நான்காவது பிளாஸ்திரியைக் குழந்தையின் முடி மறைத்திருந்தது.

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவின் கையெழுத்து. அவர்களிடம் வேறெங்கும் அது இல்லை.

அக்காவும் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இருந்தாலும் படம் நன்றாக இல்லை" என்றார். அவர் சொன்னதும் சரிதான். அந்தக் குழந்தை அவருடைய மகள். மகளின் முகம் வேண்டித்தான் அன்றைக்கு அவர் கேமராவை எடுத்திருக்கிறார். அந்த முகம் கிடைக்கவில்லை.

எந்தப் படம் எடுக்கத் தகுந்தது என்ற வாக்குவாதம் ரசனையைப் பற்றியது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவரை ரசனைச் சண்டைகள் குறைவு. ஒவ்வொருவரும் படத்துக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள், அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு வேலைக்கு எடுத்த படத்தை இன்னொரு வேலைக்கு உதவவில்லை என்று மற்றவர் தள்ளுகிறார்.

'எதற்கு' என்ற சொல்லை நாம் இரண்டு குரலில் சொல்கிறோம். ஒரு குரல் வாயை அடைக்க. இன்னொன்று உண்மையாகவே தெரிந்துகொள்ள. என் மகள் பள்ளியில் படிக்கும்போது ஒரு மாலை தன் தோழிகளின் காலணிகளை இருபது முறை படம் எடுத்துக்கொண்டு வந்தாள். "இதையெல்லாம் எதற்குப் படம் எடுக்கிறாய்?" என்றேன், முதல் குரலில். என் எதிரிலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். அவர்களில் ஒருத்தி பள்ளி மாறிப் போகிறாள் என்பதால், ஐந்து பேரும் தங்கள் காலணிக் கயிறுகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. சிவப்புக் கயிறு கட்டிய நீலக் காலணி, பச்சைக் கயிறு கட்டிய வெள்ளைக் காலணி. கவனித்துப் பார்த்திருந்தால் எனக்கே புரிந்திருக்கும். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை இரண்டாவது குரலில் மட்டும்தான் கேட்கிறேன். கீழே சொல்லும் வழிமுறைகள் எல்லாம் அந்த ஒரு மாற்றத்திலிருந்து வந்தவை.

முதலில்: இந்தப் படத்துக்கு என்ன வேலை?

பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு நொடி போதும். இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள், எப்போது?

அன்றாடப் படங்கள் செய்யும் வேலை நான்கு வகை என்பது என் கணக்கு. சில படங்கள் முகத்துக்காக: இந்த ஆள் இந்த வயதில் இப்படி இருந்தார். சில படங்கள் சாட்சிக்காக: இந்த அறை இப்படி இருந்தது, மேசை இங்கே கிடந்தது, சாவி இந்த ஆணியில் தொங்கியது. சில படங்கள் செய்திக்காக: வந்து சேர்ந்துவிட்டேன், கதவு சரியாகிவிட்டது, இந்த அளவு சட்டைதானே கேட்டாய்? அனுப்பியதும் அவற்றின் வேலை முடிந்துவிடும். மற்றவை கண்ணுக்காக: சுவரில் விழுந்த வெயில், கண்ணாடியில் வழியும் மழை.

முகம் தேடுபவருக்குச் சாட்சிப் படம் வெறுமையாகத் தெரியும், 'ஆளே இல்லையே' என்பார். கண்ணுக்காக எடுப்பவருக்கு வரிசையில் நிற்கும் குடும்பப் படம் சலிப்புத் தட்டும். செய்திக்காக எடுப்பவருக்கு மற்ற மூன்றும் நேர விரயம். வீட்டில் உங்களோடு அதிகம் முரண்படுபவர் இந்த நான்கில் எந்த வேலைக்காகப் படம் எடுக்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தணியும்.

இந்த வேறுபாடு வளர்ப்பிலிருந்தும் வருகிறது. 1960களில் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ தன் நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். கடலில் சூரியன் மறைவது, மரப்பட்டை, கயிறு, கர்ப்பிணிப் பெண், கார் விபத்து என்று அதில் பல இருந்தன. இவற்றைப் படம் எடுத்தால் அழகாக இருக்குமா, சுவையாக இருக்குமா, அர்த்தமற்றதாக இருக்குமா, அசிங்கமாக இருக்குமா என்று கேட்டார். அதிகம் படித்தவர்கள் சூரியன் மறைவதைத் தேய்ந்துபோன விஷயம் என்று ஒதுக்கினார்கள், மரப்பட்டையில் அழகு இருக்கலாம் என்றார்கள். உடலுழைப்பால் பிழைப்பவர்களில் பலருக்கு நல்ல படம் என்றால் நல்ல விஷயத்தின் படம். கயிற்றைப் போய் யார் படம் எடுப்பார்கள்? இரு தரப்பிலும் அறியாமை எதுவும் இல்லை. படம் எதற்கு என்பதை இரண்டு வெவ்வேறு வீடுகளில் கற்றுக்கொண்டு வந்தவர்கள், அவ்வளவுதான்.

எண்ணிக்கையும் ஒரு காரணம். ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கேமராவில் 100 படங்களுக்கான ஃபிலிம் சுருள் ஏற்கெனவே போட்டிருக்கும். முடிந்ததும் கேமராவையே நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். பிறகு வந்த 35 மில்லிமீட்டர் ரோலில் 36 படம். என் அப்பா ஒரு ரோலை எட்டு மாதம் வைத்திருப்பார். கேமராவின் மேல்புறம் சின்ன வட்டத்துக்குள் நகரும் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணை வைப்பார். "ஆள் இல்லாமல் எடுக்காதே, வீண்" என்பார். 36-இல் ஒன்று போனால் அது உண்மையிலேயே இழப்பு. இன்று அந்த எண் கேமராவில் இல்லை. அப்படி வளர்ந்தவர்களின் மனத்தில் மட்டும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறது. உங்கள் பெரியவர்கள் "இதை ஏன் எடுக்கிறாய்" என்று கேட்கும்போது, அது பெரும்பாலும் மீதமிருக்கும் படங்களைப் பற்றிய கவலை. அதற்குக் கோபப்படாதீர்கள்.

எதை எடுப்பது: சொல்லிக்கொள்ளாமல் போகிறவற்றை

விழாவை எடுக்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அதை எடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். நீங்கள் எடுக்காவிட்டால் யாருமே எடுக்கப்போவதில்லை என்பதைத் தேடுங்கள்.

அன்றாடத்தின் சிக்கல் என்னவென்றால், அது மாறும்போது சொல்லிக்கொள்வதில்லை. குழந்தையைக் கடைசியாக இடுப்பில் தூக்கிய நாள் எது என்று எந்தத் தாய்க்கும் தெரியாது. எனவே எதை எடுப்பது என்று கண்ணிடம் கேட்காதீர்கள், கண் பழகிப்போயிருக்கிறது. கையிடம் கேளுங்கள். ஒரு நாள் எழுந்தது முதல் உங்கள் கை எதையெல்லாம் தொடுகிறது என்று எழுதி வையுங்கள். தாழ்ப்பாள், சுவிட்ச், படிக்கட்டின் கைப்பிடி, மூக்குக்கண்ணாடிப் பெட்டி, மேசை இழுப்பறை, வண்டிச் சாவி. முப்பது பொருள் தேறும். அவற்றில் பத்தைப் படம் எடுத்தாலே அந்த ஆண்டு உங்கள் வீடு எப்படி நடந்தது என்பது பதிவாகிவிடும்.

"இதையெல்லாம் பின்னால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். டிங் ஜாங் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் ஹார்வர்டிலிருந்து 2014-இல் வெளியிட்டது. அண்மையில் நடந்த உரையாடல், அப்போது கேட்ட பாட்டு போன்ற சாதாரண விஷயங்களை மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து இதைப் படிக்க எவ்வளவு ஆர்வம் இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிடச் சொன்னார்கள். மூன்று மாதம் கழிந்தபோது இருந்த ஆர்வம் மதிப்பிட்டதைவிடக் கூடுதலாக இருந்தது. காதல் இணைகளிடமும் கேட்டார்கள். காதலர் தினத்தைப் பற்றி எழுதியதைவிட, சாதாரண நாளைப் பற்றி எழுதியதைத் திரும்பப் படிப்பதன் இன்பத்தைத்தான் மக்கள் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். பெரிய நாளை நாம் எப்படியும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். சின்ன நாள் மறந்துபோகும் என்பதையே மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் உண்டு, ஆல்பங்களைப் புரட்டும்போது என்னை மிகவும் வருத்துவது இது. 1838-இல் பாரீஸில் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான லூயி டாகெர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் எடுத்தார். ஒளி பதியச் சில நிமிடங்கள் தேவைப்பட்டதால், நடந்துபோன மனிதர்களும் வண்டிகளும் பதியவே இல்லை. வீதி வெறிச்சோடித் தெரிகிறது. காலணியைத் துடைக்கக் கொடுத்துவிட்டு அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் தெளிவாகப் பதிந்துவிட்டார். நம் குடும்ப ஆல்பங்களும் இன்றுவரை அப்படித்தான் இருக்கின்றன. நின்று கொடுத்தவர்கள் நிறைந்திருப்பார்கள். வேலையாக நடந்துகொண்டே இருந்தவர், 'நான் எதற்கு, நீங்கள் நில்லுங்கள்' என்று விலகியவர், கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் இருக்க மாட்டார்கள். உங்கள் தொலைபேசியில் கடந்த ஆறு மாதப் படங்களை இப்போதே பாருங்கள். வீட்டில் யார் குறைவாக இருக்கிறார்? அடுத்த படம் அவருடையது. நிற்கச் சொல்லாமல், அவர் வேலை செய்யும்போதே எடுங்கள். படம் எடுப்பவர் நீங்களே என்றால், வாரம் ஒருமுறையாவது தொலைபேசியை அடுத்தவர் கையில் கொடுங்கள்.

எப்படி எடுப்பது

இரண்டு அடி பின்னால் போங்கள். என்னிடம் வரும் படங்களில் 'இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்திருக்கலாமே' என்று பெருமூச்சு விட்டவர்கள் ஏராளம். 'இன்னும் நெருங்கி எடுத்திருக்கலாம்' என்று சொன்னவர்கள் சிலரே. முகத்துக்கு நெருக்கமாக ஒன்று எடுங்கள், பிறகு அதே இடத்தில் பின்வாங்கி, தரையும் சுவரும் தெரியும்படி இன்னொன்று. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் வசதியைச் சாட்சிப் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். முகம் தேடுபவருக்கு அது அழகு, ஆனால் அந்தச் சுவிட்ச் போர்டைத்தான் அது முதலில் அழிக்கும். தோலை வழவழப்பாக்கும் வசதியையும் நிறுத்தி வையுங்கள். நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மச்சமும்தான் பின்னாளில் தேடப்படுபவை. பெரும்பாலான தொலைபேசிகளில் ஒளியைப் பதியும் உணரி 4:3 விகிதத்தில் இருக்கிறது. 16:9 என்று அமைத்தால் மேலும் கீழும் வெட்டப்படும், வெட்டிய பகுதி பல தொலைபேசிகளில் சேமிக்கப்படுவதில்லை. எனவே 4:3-இலேயே எடுங்கள். நெகட்டிவ் ஓரத்தில் பிழைத்துக் கிடந்ததைப் பார்த்தவன் என்பதால் இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

வீட்டை ஒழுங்குபடுத்திவிட்டு எடுக்காதீர்கள். இது கடினம் என்று தெரியும். மேசையில் பரந்து கிடக்கும் காகிதம், சிக்கலான ஒயர்கள், காயப்போட்ட துணி எல்லாம் படத்தில் விழட்டும். வீட்டைப் பேணுபவருக்கு இது அவமானமாகத் தோன்றலாம், அவரைக் கேட்காமல் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆனால் எடுத்து வையுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம், ஜன்னல் ஒளி போதும். குழந்தையை எடுக்கும்போது அதன் கண் உயரத்துக்குக் குனியுங்கள். வேலை செய்பவரை எடுக்கும்போது முகத்தோடு கையும் விழட்டும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எடுப்பதற்குத் தனிப் பலன் உண்டு. அமெரிக்கப் புகைப்படக்காரர் நிக்கலஸ் நிக்சன் 1975 முதல் 2022 வரை ஆண்டுக்கு ஒருமுறை தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் ஒரே வரிசையில் நிற்கவைத்து எடுத்தார். அவற்றில் எந்த ஒரு படத்தைத் தனியே எடுத்தாலும் நான்கு பெண்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். வரிசையாகப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. ஒரு ஜன்னலையோ ஒரு படிக்கட்டையோ தேர்ந்தெடுத்து, மாதம் ஒருமுறை அங்கிருந்து எடுங்கள். முதல் ஆறு மாதம் வீட்டில் "மறுபடியும் அதேவா?" என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது எடுக்கக் கூடாது

"எடுத்துக்கொண்டே இருந்தால் எப்போது பார்ப்பாய்?" என்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றிவந்தவர்கள் சில பொருட்களை வெறுமனே பார்த்தார்கள், சிலவற்றைப் படம் எடுத்தார்கள். முழுப் பொருளையும் படம் எடுத்தபோது, அதைப் பற்றிய நினைவு குறைந்தது. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறைவு ஏற்படவில்லை. அலிக்ஸாண்ட்ரா பராஷும் உடனாய்வாளர்களும் 2017-இல் வெளியிட்டதில் இன்னொரு பக்கம் தெரிந்தது: தானே தேர்ந்தெடுத்துப் படம் எடுத்தவர்களுக்குக் கண்ணால் கண்டது கூடுதலாக நினைவில் நின்றது, காதால் கேட்டது குறைந்தது. அவர்களே அடுத்த ஆண்டு வெளியிட்டதில், பிறரிடம் பகிர்வதற்காக எடுக்கும்போது, தன்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் நுழைந்து, அந்த நேரத்தின் மகிழ்ச்சி குறைவதாகத் தெரிந்தது.

இவற்றிலிருந்து எனக்கு நானே வைத்துக்கொண்ட விதிகள் எளியவை. யாராவது கதை சொல்லிக்கொண்டிருந்தால் படம் எடுக்க மாட்டேன், அது காதுக்குரிய நேரம். ஒரு சந்தர்ப்பத்துக்கு மூன்று படம், பிறகு தொலைபேசி பைக்குள் போய்விடும். மூன்றில் ஒன்றாவது முழுக் காட்சியை விட்டு ஒரு சின்னப் பகுதியைத் தேடிச் செல்லும், தேடும்போது கண் உண்மையாகவே பார்க்கிறது. யாருக்கு அனுப்பலாம் என்ற யோசனை மாலையில்தான், எடுக்கும்போது இல்லை.

ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. உடல்நிலை சரியில்லாதவர், அழுபவர், தூங்குபவர் வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லாவிட்டாலும் கேட்காமல் எடுப்பது தவறு. 'பின்னால் இது அரிதாக இருக்கும்' என்ற வாதம் அங்கே செல்லாது. குழந்தை வளர்ந்து, 'என்னை எடுக்காதே' என்று சொல்லும் வயது வந்தால், அதன் மேசையை எடுக்கலாமா, காலணியை எடுக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் சம்மதம் கிடைக்கும்.

ஒத்துப்போகாதபோது

மாதக் கடைசியில் வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, பேசிக்கொள்ளாமல், அந்த மாதப் படங்களில் பத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். பிறகு பட்டியல்களைப் பக்கத்தில் வையுங்கள். பொதுவாக இருக்கும் படங்களை ஒதுக்கிவிடுங்கள், அவை பெரும்பாலும் நன்றாகச் சிரித்த முகங்களாக இருக்கும். ஒரே ஒருவர் மட்டும் தேர்ந்தெடுத்த படங்களுக்கு வாருங்கள். அவர் ஒரு வாக்கியம் சொல்லட்டும், ஏன் என்று. மற்றவர்கள் மறுத்துப் பேசக் கூடாது. வாக்கியம் வராவிட்டாலும் பரவாயில்லை. 'அந்தச் சுவர்' என்ற இரண்டு சொல்கூடப் போதும்.

மற்றவரை ஒப்புக்கொள்ளவைக்க முயலாதீர்கள், அது இயலாத காரியம். பிரெஞ்சு எழுத்தாளர் ரோலான் பார்த் தன் தாயார் இறந்த பிறகு படங்களுக்கிடையே அவரைத் தேடினார். ஐந்து வயதுச் சிறுமியாக ஒரு கண்ணாடி வீட்டுத் தோட்டத்தில் நின்ற பழைய படத்தில்தான் அவரைக் கண்டடைந்தார். 1980-இல் வெளியான புத்தகத்தில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அவர், அந்தப் படத்தை மட்டும் அச்சிடவில்லை. வாசகருக்கு அது ஆயிரத்தில் ஒரு சாதாரணப் படமாகத்தான் தெரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் தம்பியின் சுவரும் அப்படிப்பட்டதுதான். அது உங்களுக்குப் பிடிக்க வேண்டியதில்லை, நீங்கள் அதை அழிக்காமல் இருந்தால் போதும். ஒருவர் பத்தில் சேர்த்ததை இன்னொருவர் அழிக்கக் கூடாது என்பதை வீட்டு விதியாகவே வையுங்கள்.

அழித்தாக வேண்டும், உண்மைதான். இடம் போதாது. ஆனால் எடுத்த அன்றே அழிக்காதீர்கள். அன்றைக்கு உங்கள் கண் முகத்தை மட்டும்தான் பார்க்கும். ஒரு மாதம் போகட்டும். ஒரே காட்சியை ஒரே கோணத்தில் எடுத்த பத்தில் ஒன்பதை அழிக்கலாம், வேலை முடிந்த செய்திப் படங்களை அழிக்கலாம். மற்றவற்றில் கை வைக்காதீர்கள்.

எழுதி வைப்பது

இதை யாரும் செய்வதில்லை, எனக்கு மிக அவசியமாகப் படுவதும் இதுதான். யார், எங்கே, எப்போது என்பதோடு ஏன் எடுத்தேன் என்று ஒரு வரி. தொலைபேசியில் படத்தின் விவரப் பகுதியைத் திறந்தால் குறிப்பு எழுத இடம் இருக்கும். செய்திச் செயலிகள் வழியாக அனுப்பும்போது பல சமயம் படம் சுருக்கப்படுகிறது, உள்ளே பதிந்திருக்கும் தேதியும் இடமும் உதிர்ந்துவிடுகின்றன. எனவே மூலப் படத்தையும் குறிப்பையும் சேர்த்து வையுங்கள். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே.

அச்சிட்ட படமென்றால் பின்பக்கம் ஓரத்தில், மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் தடம் விடும், அதன் மை அடுத்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். முகத்துக்கு நேர் பின்னால் எழுதவே எழுதாதீர்கள்.

அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் இரண்டு பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். அதே சுருளில் அடுத்த நெகட்டிவில் குழந்தை கண்ணைத் திறந்திருந்தது, கொஞ்சம் அசைந்திருந்தாலும் முகம் முழுதாக இருந்தது. அது அக்காவுக்கு. ஓரம் வெட்டாமல் முழு நெகட்டிவையும் அச்சிட்டது தம்பிக்கு. பென்சிலைக் கொடுத்து, பின்னால் எழுதச் சொன்னேன். அவர் நான்கு சுவிட்சுகளின் பெயர்களையும் வரிசையாக எழுதினார். முடி மறைத்திருந்த நான்காவதற்கு 'அறை' என்று எழுதினார்.

அக்கா எட்டிப் பார்த்தார். "அறை இல்லை. அதில் ஷாக் அடிக்கும் என்று அம்மா 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தாள்."

"அது சமையலறை போர்டு."

"இதுதான். எனக்குத் தெரியும்."

கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு அக்கா தன் கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, வேண்டாத பக்கத்துக் குவியலைத் தன் முன்னால் இழுத்துவைத்து, அந்தச் சுவர் தெரியும் படம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார்.